அரளி கசப்பு வாங்கிய காலை

அந்தக் காலத்தில், செடிகொடிகளும் ஆடுமாடுகளும் சண்டை போடும் அளவுக்குத் தாராளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, கிணற்றடி அரளிக்கு வேர் முதல் கொழுந்து வரை ஒரே தித்திப்பு. அந்த வீட்டு ஆடு கருவாச்சிக்கு அது நன்றாகத் தெரியும். மொட்டு விட்டால் போதும், மென்று விழுங்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். பாவம் அரளி, தன் பூ என்ன நிறம் என்றே அவளுக்குத் தெரியாது.

"ஒரே ஒரு மொட்டை விட்டுவையேன் கருவாச்சி. எப்படிப் பூக்கும்னு பார்க்கணும்."

"நான்தான் தின்னு பார்க்கிறேனே, நல்லாத்தான் இருக்கு," என்றது ஆடு, மெல்லுவதைக்கூட நிறுத்தாமல்.

அரளிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்துப் புற்றில் குடியிருந்த நல்லபாம்பைக் கூப்பிட்டாள்.

"பாம்பண்ணே, உங்க விஷத்துல ஒரு சொட்டுக் குடுங்க."

"குடுக்கிறேன். ஆனா திருப்பி எடுத்துக்கங்கன்னு வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

பாம்பு அவள் வேரில் ஒரு சொட்டு விட்டது. சேதி தெரிந்த கருவாச்சி அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. மொட்டு நிம்மதியாக வளர்ந்து ஒரு காலையில் விரிந்தது. நல்ல இளஞ்சிவப்பு. அரளிக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாரும் வந்து பாருங்க" என்று வீட்டு நாய், பூனை, ஆடு எல்லாரையும் கூட்டிவிட்டாள்.

அங்கேதான் தப்புச் செய்தாள். செடிகள் பூவைக் கண்ணால் பார்க்கும். ஆட்டுக்குப் பார்ப்பதென்றால் வாயால் பார்ப்பதுதான். கருவாச்சியின் குட்டி, இப்போதுதான் தழை கடிக்கப் பழகியது, துள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

"அழகா இருக்கு அத்தை," என்று வாயைத் திறந்தது.

அரளி நடுங்கிப்போனாள். "வேண்டாம் கண்ணு, கடிக்காதே" என்று கெஞ்சினாள். கேட்கிற வயதா அது? தாய் ஆடு கதறிக்கொண்டு ஓடிவந்தது. பாம்பிடம் போகவும் வழியில்லை, வாக்குக் கொடுத்தாயிற்று. பக்கத்தில் வேம்பு நின்றாள். இரண்டு பேர் வேரும் மண்ணுக்குள் பின்னிக் கிடந்தன.

"வேம்பக்கா, உங்க கசப்புல கொஞ்சம் குடுங்க, சீக்கிரம்."

உறைமோர் கேட்டால் கொடுக்கிற மாதிரி, எதற்கென்றுகூடக் கேட்காமல் வேம்பு வேர்வழியே ஊற்றிவிட்டாள். அரளியின் தித்திப்பெல்லாம் அத்தோடு போயிற்று.

குட்டி இதழில் நாக்கை வைத்ததுதான் தாமதம், முகம் அஷ்டகோணலாகிவிட்டது. தூ தூ என்று துப்பி, நாக்கை மண்ணில் தேய்த்துக்கொண்டது.

"இவ்வளவு அழகா இருந்துக்கிட்டு இப்படியா அத்தை இருப்பீங்க?"

நாய் விழுந்து விழுந்து சிரித்தது. கருவாச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அரளிக்கோ அதைவிடச் சந்தோஷம்.

"இனிமே உன் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டோம்," என்றது கருவாச்சி.

"தினம் வாங்க, பார்த்துட்டுப் போங்க. கண்ணால," என்றாள் அரளி.

அன்று முதல்தான் அரளியின் விஷத்துக்கு முன்னால் கசப்பு காவல் நிற்கிறது. வேலி நிறையப் பூத்திருந்தாலும் ஆடு ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிறது.