நானூற்றுப் பன்னிரண்டாம் இன்பம்

முன்னொரு காலத்தில், மன்னர்கள் சொன்னதெல்லாம் சொன்ன மாத்திரத்தில் உண்மையாகிவிடும் வசதி இருந்த காலத்தில், மகேந்திரவாகு என்றொரு மன்னன் உலகத்து இன்பங்கள் அனைத்தையும் அனுபவித்து முடித்துவிட்டான். இது பேச்சுக்குச் சொன்னதல்ல. முரசறைந்து அறிவித்தது. பிரதானி அருணகிரியார் பதினோரு வருடம் உழைத்து, தாழம்பூ நீராடலில் தொடங்கித் தந்தக் கட்டில் தூக்கம் வரை, ஆயிரத்து அறுபத்து நான்கு இன்பங்களுக்குப் பட்டியல் போட்டிருந்தார். கடைசி இன்பத்தை மன்னன் ஒரு வெள்ளிக்கிழமை அனுபவித்து முடித்ததும் ஓலைக்கட்டுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். இனி எதுவும் பாக்கியில்லை. குடிமக்கள் கவலையில்லாமல் தங்கள் வேலையைப் பார்க்கலாம்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. மன்னனின் கொள்ளுத்தாத்தா பலாக்கொட்டை தொண்டையில் சிக்கி இறந்துபோனவர். பலாக்கொட்டையைக் கழுவிலேற்ற முடியாது என்பதால் சட்டம் ஒன்றைப் போட்டார்கள். மன்னர் முன் கொண்டுவரப்படும் எந்த உணவையும் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராகத் தின்ன வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு நாழிகை உயிரோடிருந்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மன்னர் கை வைக்கலாம். மீறிக் கொண்டுவருபவன் தலை போகும். அந்த ஆறு பேருக்கும் தலைவர் அருணகிரியாரே. இதனால் மன்னன் பிறந்ததிலிருந்து சூடாக எதையும் தின்றதில்லை. நெய் என்றால் உறைந்திருப்பது, அப்பம் என்றால் கடித்து இழுப்பது என்றே நினைத்திருந்தான்.

பட்டியல் முடிந்த மறுநாள் காலை மன்னன் உப்பரிகையில் நின்றான். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. கீழே யானைப்பாகர்கள் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். கன்னம் உப்ப, கண்ணை மூடி, ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் ஊதினார்கள். மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். கொல்லன் துருத்தி குடும்பத்தோடு விருந்துக்கு வந்ததுபோல் இருக்கிறது என்றான். ஏழைகளுக்கு ஆறும்வரை பொறுக்கும் அறிவு கிடையாது என்று அருணகிரியார் விளக்கினார்.

"சோற்றை ஊதித் தின்பவன் அடுப்புக்குப் பிறந்தவன்" என்று மன்னன் தீர்ப்பாகவே சொல்லிவிட்டான். எல்லோரும் ஆமோதித்தார்கள்.

அப்போதுதான் விகடகவி உலகப்பன் சிரித்துவிட்டான். அதுவும் தப்பான இடத்தில். மன்னன் சிரித்து முடித்துவிட்ட பிறகு.

எதற்குச் சிரித்தாய் என்று மன்னன் கேட்டான். உலகப்பனுடைய புத்தி சும்மா இரு என்றது. ஆனால் நாக்கு அதற்குள் பாதி வழி போய்விட்டது.

"பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, மகாராஜா."

அருணகிரியார் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியதை உலகப்பன் பார்த்தான். பத்து வருடமாக மன்னனைச் சிரிக்கவைத்துப் பட்டு வாங்குகிறவன், இன்று தானாகவே வலைக்குள் தலையை நீட்டியிருக்கிறான்.

"வேந்தே, முத்திரையிட்ட ஓலையைப் பொய் என்றிருக்கிறான் இவன்" என்றார் பிரதானி, மிகவும் வருத்தத்தோடு. "மூன்று நாள் தவணை கொடுங்கள். அந்த இன்பத்தைக் காட்டட்டும். காட்டாவிட்டால், தங்கள் கண்முன்னால் அந்த நாக்கு அறுக்கப்படட்டும்."

மன்னன் தலையசைத்தான்.

உலகப்பன் வீட்டுக்கு நடந்து போகையில் நாக்கால் பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான். அது இல்லாவிட்டால் பிழைப்பு போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் உப்பு தெரியாது, புளி தெரியாது. நாச்சி சுடும் பணியாரத்தை வாய்க்குள் போட்டு, ஆ ஆ என்று அண்ணாந்து ஆவி விட முடியாது. அதை நினைத்ததும்தான் அவன் வீட்டை நோக்கி ஓடத் தொடங்கினான்.

முதல் நாள், மனைவி நாச்சி பணியாரம் சுட, அதை வைக்கோல் திணித்த பானைக்குள் மூடிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினான். வாசலில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு நாழிகைக்குப் பிறகு மன்னன் கைக்குப் போனது கூழாங்கல்லுக்குத் தம்பி. மன்னன் கடித்துப் பார்த்தான். அருணகிரியார் ஓலையைப் புரட்டிப் படித்தார்: "நானூற்றுப் பன்னிரண்டு, பணியாரம். முன்பே அனுபவித்தது."

இரண்டாம் நாள் ஆறு பேரிடமும் கெஞ்சினான், சீக்கிரம் ஆகட்டும் என்று. நான்காவது ஆள் நடுவில் தும்மினார். தும்மல் விஷத்தின் குறியாக இருக்கலாம் என்று பிரதானி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். அன்று மன்னனுக்குப் பணியாரம் போய்ச் சேரவே இல்லை. வழியில் தீர்ந்துவிட்டது. திரும்புகையில் காவல்கொட்டடி வாசலில் மாடன் உட்கார்ந்து ஒரு சின்னக் கத்தியைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான். உலகப்பனைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றான். தண்டனை நிறைவேற்றுபவன் வாடிக்கையாளரை மதிக்கத் தெரிந்தவன்.

உலகப்பன் வெறும் பானையோடு வந்து கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தான். நடந்ததை நாச்சி கேட்டுக்கொண்டாள். பானையைக் கவிழ்த்துக் கழுவினாள். கழுவி முடித்துத்தான் பேசினாள்.

"பணியாரத்தைத் தூக்கிட்டு எதுக்கு இந்த ஓட்டம்? அதுக்கா கால் இருக்கு? ராஜாவுக்கு ரெண்டு இருக்குல்ல?"

உலகப்பன் அவளையே பார்த்தான். பிறகு சட்டத்தின் வாசகத்தை மெல்ல, ஒவ்வொரு சொல்லாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

மூன்றாம் நாள் காலை சபைக்கு வெறுங்கையோடு போனான். தோற்றுவிட்டேன், மகாராஜா என்றான். சபை பெருமூச்சு விட்டது. அதில் பாதி சந்தோஷப் பெருமூச்சு. நாக்கைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் என் வீட்டுக் கொல்லையில் வைத்து எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டான்.

அது ஏன் என்று மன்னன் கேட்டான்.

"என் மனைவி கண்ணால் பார்க்க வேண்டும், மகாராஜா. இல்லாவிட்டால் நாளையிலிருந்து நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பதாக நினைத்துக்கொள்வாள். என்னால் விளக்கவும் முடியாது."

அருணகிரியார் மறுக்க வாயெடுத்தார். ஆனால் மன்னர் கண்முன்னால் என்பது அவரே சொன்ன நிபந்தனை. எந்த இடத்தில் என்று அவர் சொல்லவில்லை. மன்னனுக்கோ, இன்பங்களெல்லாம் முடிந்துவிட்டதால், பகல் முழுக்க ஓய்வாக இருந்தது. பிரதானியும் நாலு வாள்காரர்களும் பின்தொடரப் பல்லக்கு கிளம்பியது.

கொல்லையில் நாச்சி அடுப்பு மூட்டியிருந்தாள். பணியாரக் கல்லின் ஏழு குழியிலும் மாவு ஊற்றியிருந்தாள். மாடன் ஒரு மணையைப் போட்டு, உலகப்பனை உட்காரச் சொல்லி, வாயைத் திறக்கச் சொன்னான். உலகப்பன் திறந்தான். கத்தியின் குளிர்ச்சி கீழுதட்டில் பட்டது. கண்ணோரத்தில் நாச்சியின் கை தெரிந்தது. அது குழிகளைச் சுற்றி எண்ணெய் விட்டது. நல்லெண்ணெய் குழிக்குள் சுரீரென்றது. பொடியாக நறுக்கிய வெங்காயமும் மிளகும் வெந்து மணம் எழும்பியது.

"பொறு" என்றான் மன்னன்.

மாடன் கத்தியை எடுக்காமல் பொறுத்தான்.

இது என்ன வாசனை என்று மன்னன் கேட்டான். ஆறிப்போன பண்டத்துக்கு மணம் ஏது? நாற்பது வயதில் முதல்முறையாகச் சாப்பாட்டு விஷயத்தில் அவன் மூக்குக்கு வேலை வந்திருந்தது. அன்றைய காலையுணவு இன்னும் அரண்மனையில் மூன்றாவது சோதனையாளரிடம் இருந்தது. மன்னன் பல்லக்கிலிருந்து இறங்கி, சேற்றைத் தாண்டி, நேராக அடுப்பருகே வந்து நின்றான். நாச்சி கம்பியால் ஒன்றைப் புரட்டினாள். பொன்னிறம் மேலே வந்தது. மன்னன் கை நீண்டது.

அருணகிரியார் பாய்ந்தார். சோதனையாளர்கள் ஆறு பேரும் இன்னும் உண்ணவில்லை, இது ராஜத் துரோகம், இவன் தலையையே எடுக்க வேண்டும் என்றார்.

மாடன் கத்தியை விலக்கி உலகப்பனைப் பேசவிட்டான். இதுவே கடைசிப் பேச்சாக இருக்கலாம் என்ற தாட்சண்யம்.

"மன்னர் முன் கொண்டுவரப்படும் உணவு என்றுதான் சட்டம், பிரதானி. இதை யார் கொண்டுவந்தது? பணியாரம் பிறந்த குழியிலேயே இருக்கிறது. மகாராஜாதான் அதன் முன் வந்திருக்கிறார்."

அருணகிரியார் சட்டத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். அவர் ஓட்டி முடிப்பதற்குள் மன்னன் ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுவிட்டான்.

போட்டவன் அலறினான்.

நாலு வாள்கள் உருவப்பட்டன. அதில் ஒன்று உலகப்பன் கழுத்தில் வந்து நின்றது. மன்னன் முகம் சிவந்து, கண்ணில் நீர் தளும்ப, வாயைத் திறந்து வானத்தைப் பார்த்து ஆ ஆ என்று ஆவி விட்டுக்கொண்டிருந்தான். அருணகிரியார் துப்பிவிடுங்கள் வேந்தே என்று கையை ஏந்தினார். மன்னன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். மென்றான். இன்னும் மென்றான். கழுத்திலிருந்த வாளின் முனை தன் மூச்சுக்கேற்ப ஏறி இறங்குவதை உலகப்பன் உணர்ந்தான்.

நாச்சி மட்டும் பேசினாள். "ஊதித் தின்னணும் சாமி. ஒரு ஊது ஊதுனா போதும்."

மன்னன் சுற்றிலும் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஊதவில்லை. இரண்டாவதையும் அப்படியே போட்டுச் சுட்டுக்கொண்டான்.

"நானூற்றுப் பன்னிரண்டு" என்றார் அருணகிரியார், நம்பிக்கையை விடாமல்.

"இல்லை ஐயா" என்றான் மன்னன், வெந்த நாக்கால். "அது வேறு. அதை உம்முடைய ஆறு பேர் தின்றார்கள். நான் தொட்டது அதன் பிணம்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்ததால் வாள்காரர்களுக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வாள்கள் உறைக்குள் போயின. மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி உலகப்பனுக்குப் போட்டான். உன் நாக்கு உன்னிடமே இருக்கட்டும், எனக்கும் அது தேவைப்படும் என்றான். அருணகிரியாரை அழைத்து, நாச்சிக்கு எண்ணெய்க் கிண்ணம் பிடிக்கச் சொன்னான். பிரதானி பிடித்தார். எண்ணெய் தெறித்தது. அதையும் பொறுத்தார்.

மூன்றாவது ஈடு வெந்தது. மன்னன் ஒரு பணியாரத்தை இலையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பி நில்லுங்கள். இது அரச கட்டளை."

காரணம் கேட்க யாருக்கும் துணிவில்லை. வாள்காரர்களும், பல்லக்குத் தூக்கிகளும், மாடனும், கிண்ணத்தோடு பிரதானியும், முத்துமாலையோடு உலகப்பனும் திரும்பிச் சுவரைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். நாச்சி மட்டும் திரும்பவில்லை. திரும்பினால் கல்லில் இருப்பது கருகிவிடும்.

கல்லில் எண்ணெய் பொரிந்தது. பிறகு அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, வெகு மெதுவாக, பழக்கமில்லாத வாயிலிருந்து, ஃபூ என்று ஒரு சத்தம் வந்தது.