புல்வெளிக்குப் போன சிவப்பு

அடிக்கடி நிலம் நடுங்கும் மலைக்காடு ஒன்றில் சிங்கம் அரசாண்டது. வயிறு காய்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். மரியாதை குறைந்தால் பொறுக்காது.

ஒரு கோடையில் சின்னச் சின்ன நடுக்கங்கள் தொடர்ந்து வந்தன. பெரிய நடுக்கம் வந்தால் எந்த இடம் இடியும், எந்த இடம் தாங்கும் என்று ஆராய்ந்து சொல்லும்படி சிங்கம் நரியை ஏவியது.

நரி கெட்டிக்கார நரிதான். காடெல்லாம் சுற்றியது. பாறை வெடிப்புகளில் மூக்கை நுழைத்துப் பார்த்தது. முன்பு கற்கள் உருண்ட தடங்களைத் தேடியது. பிறகு அகலமான ஒரு பாறையில் காட்டைப் படமாக வரைந்து, ஆபத்தான இடங்களில் செம்மண் பூசியது.

படம் சரியாகவே இருந்தது. அதுதான் தொல்லை.

கூட்டம் கூடியதும் சிங்கம் படத்தைப் பார்த்தது.

"என் குகையின் மேல் என்ன சிவப்பு?"

"கூரையில் வெடிப்பு இருக்கிறது, அரசே."

"அரசன் குகையிலேயே வெடிப்பு என்றால் என்னை யார் மதிப்பார்கள்?"

நரி வாலால் சிவப்பைத் துடைத்தது. "இப்போதுதான் விளங்குகிறது, அரசே. அது வெடிப்பு இல்லை. அழகுக்கு விழுந்த கோடு."

அடுத்து மயில் வந்தது. மலைமுகட்டைச் சிவப்பாக்கினால் தன் ஆட்டத்தைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று கண்ணைக் கசக்கியது. கரடியோ, தேனடை தொங்கும் பாறையை விட்டு நகரவே முடியாது என்றது. துடைக்கத் துடைக்க நரியின் அறிவு வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் படத்தில் சிவப்பே இல்லை.

"ஆபத்தே இல்லாத படத்தை யார் நம்புவார்கள்?" என்றது சிங்கம். "எங்காவது கொஞ்சம் வை."

நரி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தது. "இன்று வராதது யார்?"

முயல் வரவில்லை. சமவெளிப் புல்லில் அது அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. செம்மண் முழுவதும் அந்தப் புல்வெளியின் மேல் அப்பப்பட்டது. அங்கே இருப்பவர்கள் உடனே கிளம்பி, கரடியின் பாறைக்கு அடியில் குடியேற வேண்டும் என்று உத்தரவானது.

அதைச் சொல்ல நரியே போனது.

குட்டிகள் இன்னும் நடக்கவே பழகவில்லை என்று முயல் கெஞ்சியது. நரி அசையவில்லை.

"இங்கே என் தலையில் என்ன விழும், நரியாரே? வானமா?"

"படம் அப்படிச் சொல்கிறது."

"படத்தை வரைந்தது நீங்கள்தானே?"

"வரைந்தது நான். முடிவு செய்தது கூட்டம்."

வேறு வழியில்லாமல் முயல் முதல் குட்டியை வாயில் கவ்வியது. இரண்டடி வைப்பதற்குள் பூமி குலுங்கியது.

சிங்கத்தின் குகை வாய் மூடிக்கொண்டது. மலைமுகடு சரிந்தது. கரடியின் பாறை பள்ளத்தில் உருண்டது. புழுதியில் இருமிக்கொண்டே எல்லா விலங்குகளும் உயிர் தப்பப் புல்வெளிக்கு ஓடிவந்தன. உத்தரவைச் சொல்ல வந்த நரி, புல்வெளியின் நட்ட நடுவில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது. எங்கே படுக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

நெரிசலில் சிங்கம் ஒரு புதரை மிதிக்கப் போனது.

"காலை வைக்காதீர்கள், அரசே," என்றது முயல். "கீழே என் குட்டிகள் இருக்கின்றன."

வேறு இடமில்லை. குடிமக்கள் எல்லாரும் பார்க்க, அரசர் மூன்று காலில் நின்றார்.

நீதி: ஆபத்தைப் படத்தில் இடம் மாற்றலாம், பூமியில் மாற்ற முடியாது.