சூரியனுக்குப் போய்வந்த நரி

கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒரு காடு. அந்தக் காட்டில் கழிக்கரைத் தாழம்புதரின் அடியில் அஞ்சலை என்ற ஆமை ஏழு முட்டைகளை மணலில் புதைத்துவிட்டு அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தது. எதிரே சிங்காரம் என்ற நரி உட்கார்ந்திருந்தது. ஒன்பது நாட்களாக ஆமை அசையவில்லை. ஒன்பது நாட்களாக நரிக்கும் வேறு வேலை ஓடவில்லை.

"அஞ்சலையக்கா! கொஞ்சம் காலாற நடந்துட்டு வாங்களேன். முட்டையை நான் பார்த்துக்கிறேன்!"

"நீ பார்த்துக்கிற அழகு எனக்குத் தெரியும் தம்பி. போன வருஷம் காடை உன்னை நம்பித்தானே போனா? திரும்பி வந்தப்போ ஓடு மட்டும்தான் இருந்துச்சு!"

சிங்காரம் எச்சிலை விழுங்கிக்கொண்டது. முட்டை இருக்கிற இடம் தெரிந்தும் வாய்க்கு வராமலிருப்பது எத்தனை பெரிய கொடுமை!

அப்போது வெள்ளையன் பறந்து வந்தது. வெள்ளையன் ஒரு காக்கை. பெயர் வைத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருக்க வேண்டும். காட்டின் மறுகோடியில், இரும்பு வேலிக்குப் பின்னால், ராக்கெட் ஏவும் தளம் ஒன்று இருந்தது. அங்கே கேன்டீன் ஜன்னல்தான் வெள்ளையனின் இருப்பிடம். வடைக்காகப் போய் உட்காரும். வடையோடு செய்தியும் கிடைக்கும்.

"சேதி தெரியுமா? அடுத்த வாரம் ராக்கெட் விடுறாங்க! உள்ளே மூணு கலம்! ஒண்ணு சூரியனைப் பார்க்க, ஒண்ணு நிலாவைப் பார்க்க, இன்னொண்ணு மேலேயே சுத்திக்கிட்டு நம்ம பூமியைப் பார்க்க!"

குளத்தங்கரையில் மிருகங்கள் எல்லாம் கூடிவிட்டன.

"யார் யார் போறாங்க?" என்று கேட்டது காட்டுப்பன்றி வீரபாகு.

"யாருமே போகலை!"

"டிரைவராவது போவாரா?"

"அவரும் கிடையாது! தானாப் போகும், தானாப் பார்க்கும், பார்த்ததை இங்கே அனுப்பும். மனுஷங்க அறையில உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டே தெரிஞ்சுக்குவாங்க."

"அடப் பாவமே! மூணு வண்டியும் காலியாவா போகுது?" என்று உச்சுக் கொட்டியது மயில் மன்மதன்.

காலி வண்டி என்றதும் சிங்காரத்தின் காது நிமிர்ந்தது. தினமும் மாலையில் ஏவுதளத்து வாசலில் பஸ் வந்து நிற்கும். நிற்பதற்கு முன்பே மனிதர்கள் ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போடுவார்கள். துண்டைப் போடுவார்கள். ஒருமுறை ஒருவர் செருப்பைக்கூடப் போட்டார். யார் எதைப் போட்டாலும் அந்த இடம் அவருக்குத்தான். புதரில் ஒளிந்து இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சிங்காரத்துக்கு அத்துப்படி.

காட்டையே ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிட்டால்? அஞ்சலையும் போய்விடும். முட்டை மட்டும் இங்கே இருக்கும்! நரி உடனே ஒரு பாறைமேல் ஏறி நின்றது.

"அன்பர்களே! மூணு வண்டி சும்மா போகுது, நாம இங்கே சேத்துல கிடக்கிறோம். இது நியாயமா? ஆளுக்கு ஒரு பொருள் கொடுங்க. நான் கொண்டுபோய்ப் போட்டு உங்களுக்கு இடம் பிடிக்கிறேன்!"

வீரபாகு முதுகிலிருந்து ஒரு கொத்து மயிரைப் பிடுங்கிக் கொடுத்தது. "எனக்கு நிலா! அங்கே நிறைய குழி இருக்காம். புரள்றதுக்கு வசதி!"

மன்மதன் ஒரு தோகையை நீட்டியது. "எனக்குச் சூரியன். அங்கே வெளிச்சம் நல்லா விழும்!"

சூரியனுக்கும் நிலாவுக்கும் அடிதடியே நடந்தது. பூமியைப் பார்க்கப் போகிற கலத்துக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை.

"பூமியைப் பார்க்க எதுக்கு மேலே ஏறணும்? குனிஞ்சாப் போதாதா?" என்றது வீரபாகு. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிங்காரம் தாழம்புதருக்கு ஓடியது. "அக்கா! பூமி வண்டி முழுக்க உங்களுக்குத்தான்! மேலே உட்கார்ந்துக்கிட்டே முட்டையைப் பார்த்துக்கலாம்!"

அஞ்சலை நிதானமாகக் கழுத்தை நீட்டியது. "அது தானாப் பார்த்துச் சொல்லும்னு வெள்ளையன் சொன்னானே. அப்புறம் நான் எதுக்கு?"

"நேர்ல போய்ப் பார்த்த மாதிரி வருமா?"

"எனக்கு ஊர் சுத்த ஆசையில்லை தம்பி. எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். இந்தக் கடல் தண்ணி இங்கே வரைக்கும் ஏறி வருமா? வந்தா என் பிள்ளைங்க போச்சு. ராத்திரி பகலா அந்தக் கவலைதான் எனக்கு." பிறகு அது காக்கையைப் பார்த்தது. "வெள்ளையா, அந்த வண்டி எதையாவது பார்த்துச் சொன்னா எனக்கு வந்து சொல்லுப்பா."

"சொல்றேன் அக்கா! எப்படியும் வடைக்குப் போகத்தானே போறேன்!"

சிங்காரத்துக்கு எரிச்சல் தாங்கவில்லை. காலி வண்டியாவது, பார்ப்பதாவது! கண் இல்லாததற்கு என்ன தெரியும்?

ராக்கெட் விடுகிற நாள் வந்தது. காலையிலேயே மிருகங்கள் வேலியோரம் திரண்டுவிட்டன. அவற்றை உள்ளே ஏறச் சொல்லி அனுப்பிவிட்டு நைசாகக் கழிக்கரைக்கு நழுவலாம், ஆமை அசந்தால் ஒரு முட்டையாவது கிடைக்கும் என்பது நரியின் கணக்கு. ஆனால் வீரபாகு அதன் பிடரியைக் கவ்விக்கொண்டது.

"எங்கே அண்ணே போறீங்க? இடம் பிடிச்சவர் நீங்கதானே! நீங்க முன்னாடி ஏறுங்க!"

பன்றி வேலிக்கடியில் பள்ளம் தோண்டி வைத்திருந்தது. அதன் வழியே நரியை உள்ளே தள்ளியது. வேறு வழியில்லாமல் சிங்காரம் நாலு அடி நடந்தது. அங்கே மூன்று பனைமரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரத்தில் ராக்கெட் புகைந்துகொண்டு நின்றது. ஒலிபெருக்கி முழங்கியது.

"பத்து... ஒன்பது... எட்டு..."

"இடம் குறைஞ்சுக்கிட்டே வருது அண்ணே! ஓடிப் போய் ஏறுங்க!" என்று கத்தியது வீரபாகு.

"மூன்று... இரண்டு... ஒன்று..."

அப்புறம் எழுந்த சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. தரை ஆடியது. நெருப்பு பொங்கியது. மன்மதன் தான் ஒரு பறவை என்பதையே மறந்து நடந்தே ஓடியது. வேலியோரம் கிடந்த யாரோ ஒரு வேலைக்காரரின் மஞ்சள் தொப்பி, தலையில் கவசமாக வைப்பார்களே அது, வீரபாகுவின் காலில் மாட்டிக்கொண்டது. டொக் டொக்கென்று தொப்பியோடு குளம் வரை ஓடியது பன்றி. அப்புறம் அதைக் கழற்றித் தன் புதருக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டது. காடே வந்து அந்தத் தொப்பியைப் பார்த்துவிட்டுப் போனது.

சிங்காரம் மட்டும் பார்க்கவில்லை. அது ஒரு சாக்கடைக்குள் விழுந்து கிடந்தது. வால் நுனி கருகியிருந்தது. மூன்று நாள் வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் கருகிய வாலைப் பார்த்தபோது அதற்கு மூளை வேலை செய்தது. வாலை உயரத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனது.

"சிங்காரம் அண்ணே! உயிரோடவா இருக்கீங்க?"

"உயிரோடவா! நேரா சூரியன்ல இருந்து வர்றேன்! வாலைப் பாருங்க!"

மிருகங்கள் வாயைப் பிளந்தன.

"மூணே நாள்லயா?"

"போகும்போதுதான் நேரமாச்சு. வரும்போது இறக்கம்தானே!"

"அங்கே எப்படி இருக்கு?"

"வெயில் கொஞ்சம் ஜாஸ்தி. மத்தபடி நல்ல இடம்!"

அன்றிலிருந்து சிங்காரத்துக்கு ராஜ மரியாதை. நண்டு தானாக வந்தது. மீன் தானாக வந்தது. பாறைமேல் உட்கார்ந்து தினம் ஒரு கதை விட்டது. முட்டை மட்டும்தான் வந்தபாடில்லை.

இருபது நாள் ஆனது. ஒருநாள் காலையில் வெள்ளையன் வாயிலிருந்த வடையையும் போட்டுவிட்டு அலறிக்கொண்டு வந்தது.

"அஞ்சலையக்கா! பூமியைப் பார்க்கப் போச்சே, அந்த வண்டி சொல்லிருச்சு! நடுக்கடல்ல புயல் சுத்துதாம்! நாளைக்கு மத்தியானம் கரைக்கு வருதாம்! கழி முழுக்கத் தண்ணி ஏறுமாம்! கேன்டீன்காரங்க மூட்டை கட்டுறாங்க!"

காடு கிடுகிடுத்தது. அஞ்சலையின் முகம் வெளிறியது. "என் பிள்ளைங்க!" என்று மணலை அணைத்துக்கொண்டது.

எல்லோரும் சிங்காரத்தைப் பார்த்தார்கள். சிங்காரம் வானத்தைப் பார்த்தது. ஒரு துண்டு மேகம்கூட இல்லை. ஆளில்லாத வண்டிக்கு எங்கே தெரியப்போகிறது புயலும் மழையும்! ஆனால் இந்தப் பொய்ப் பயம் எத்தனை நல்ல பயம்! காடே காலியாகும்!

"உண்மைதான்!" என்றது நரி கம்பீரமாக. "எல்லாரும் மணல்மேட்டுக்குப் போயிடுங்க. அக்கா, நீங்களும் போங்க. முட்டையை மட்டும் தொடாதீங்க! இடம் மாத்தினா கெட்டுப்போகும். தண்ணி உங்க புதருக்கு நாலு அடி தள்ளியே நின்னுடும்."

"உனக்கு எப்படித் தெரியும் தம்பி?"

"சூரியன்ல இருந்து பார்த்தேனே! மேடு பள்ளம் எல்லாம் அளந்து வச்சிருக்கேன். உங்க புதர் துல்லியமாத் தெரிஞ்சுது!"

அஞ்சலை நரியை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு கேட்டது. "அப்படியா? என் முட்டைக்குப் பக்கத்துல ஒரு மஞ்சத் தொப்பி கிடக்குமே, அதுவும் தெரிஞ்சுதா?"

"தெரியாமலா! தகதகன்னு மின்னுச்சே!"

வீரபாகு வாயைத் திறந்தது. அஞ்சலை அதை ஒரு பார்வை பார்த்தது. வீரபாகு வாயை மூடிக்கொண்டது. மற்ற மிருகங்கள் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டன. தன் புகழைக் கண்டு மலைத்துப் போய்விட்டார்கள் என்று சிங்காரம் நினைத்துக்கொண்டது.

அன்று மாலை வீரபாகு கூடை நிறைய நண்டு கொண்டுவந்து கொடுத்தது. "நல்லா சாப்பிட்டுத் தூங்குங்க அண்ணே!" என்று உபசாரம் வேறு. சிங்காரமும் மூக்கு முட்டத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டது.

மறுநாள் விழித்தபோது காட்டில் ஈ காக்கை இல்லை. தூரத்து மணல்மேட்டில் எல்லோரும் வரிசையாகத் தெரிந்தார்கள். அஞ்சலையும் அங்கேதான் இருந்தது. சிங்காரத்துக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே தாழம்புதருக்கு ஓடியது.

தோண்டியது. முட்டை இல்லை. இன்னும் தோண்டியது. ஈரம் தட்டியது. "ஆகா, முட்டை உடைஞ்சு ஒழுகுது!" என்று நக்கிப் பார்த்தது. உப்புக் கரித்தது. நிமிர்ந்து பார்த்தால் வானம் கருத்திருந்தது. கழி பொங்கி முழங்கால் வரை வந்துவிட்டது!

காற்று ஊளையிட்டது. நரியும் ஊளையிட்டது. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் தாழையைக் கட்டிப்பிடித்து ஏறியது. தாழையில் முள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எங்கே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"சிங்காரம் அண்ணே!" மேட்டிலிருந்து வீரபாகுவின் குரல் கேட்டது. "அங்கேயிருந்து என்ன தெரியுது?"

"தண்ணி! ஐயோ, தண்ணிதான்! யாராவது வாங்களேன்!"

"நாலு அடி தள்ளியே நின்னுடும்னு சொன்னீங்களே!"

"பொய்! எல்லாம் பொய்! சூரியனுக்கும் போகலை, ஒண்ணுக்கும் போகலை! சாக்கடையில கிடந்தேன்! காப்பாத்துங்க!"

"கிடக்கட்டும்!" என்றது மன்மதன். காடை அதற்கு மேலேயே சொன்னது. அஞ்சலை வீரபாகுவைப் பார்த்தது.

"போய்க் கூட்டிட்டு வாப்பா. அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே."

பன்றி நீந்திப் போய் நரியின் பிடரியைக் கவ்வி இழுத்து வந்து மணலில் போட்டது. உடம்பெல்லாம் முள்ளோடு சிங்காரம் கண்ணைத் திறந்தது. மூக்குக்கு நேரே ஒரு மஞ்சள் தொப்பி இருந்தது. தொப்பி நிறைய மணல். அஞ்சலை அதன்மேல் கழுத்தை நீட்டிக் காவல் இருந்தது. மணல் மெல்ல அசைந்தது. பொத்தான் அளவு தலை ஒன்று வெளியே வந்து நரியைப் பார்த்துக் கண் சிமிட்டியது. பின்னாலேயே இன்னொன்று வந்தது. ஏழும் வந்தன. அஞ்சலைக்குக் கண் நிறைந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக முட்டைகளைத் தொப்பியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்த வீரபாகுவோ தானே பெற்றதுபோல மூக்கை உறிஞ்சியது.

"இப்போ தெரியுதா தம்பி மஞ்சத் தொப்பி?" என்று கேட்டது அஞ்சலை.

"தெரியுது அக்கா" என்றது சிங்காரம். பாவம், அந்த மாதத்தில் அது சொன்ன முதல் உண்மை அதுதான்.

பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லித் திரிகிறவனுக்கு, கண்ணெதிரே வருகிற ஆபத்தும் தெரியாமல் போய்விடும்.