மூன்று லட்சம் டிக்கெட்

“டீச்சர், நான் கை வச்ச பிறகுதான் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துட்டு” என்றார் ஆறுமுகநயினார்.

ஜெபக்கனி டீச்சர் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன செய்யுது?”

“ஒண்ணுமே செய்யமாட்டேங்கு. ஒரு போட்டோவைத் திறக்கச் சொல்லிட்டு டீ குடிச்சிட்டு வந்து பாக்கேன், வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு.”

“ம்.”

இந்தக் குருவுக்கு வயது முப்பத்தேழு. சீடருக்கு ஐம்பத்து நான்கு. ஆசிரமம், ஆலமரம் எல்லாம் கிடையாது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடி அறை, அதில் ஒரு மேசை, மேசை நிறைய அடுத்தவர்களின் கம்ப்யூட்டர்கள்.

நயினார் தனியார் பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். முட்டி தேய்ந்துவிட்டது. இனி நின்று பார்க்கும் வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட, உட்கார்ந்து பார்க்கும் வேலை தேடி இந்த மாடிப்படி ஏறினார். ஏறி ஒன்றரை வருடம் ஆகிறது.

டீச்சர் முன்பு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்ததால் டீச்சர். அதற்கும் முன்பு, காலேஜுக்கு நயினாரின் பஸ்ஸில் போய்வந்தவர். அந்த பஸ்ஸில் அவரிடம் நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறார். நயினாருக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை.

கடையின் போர்டு ஜன்னலுக்குக் கீழே தொங்குகிறது. முதல் வரியில் டீச்சர் பெயர். இரண்டாவது வரியில், இங்கே தொழில் படித்த செய்யது மசூது என்பவரின் பெயர். மூன்றாவது வரி காலி.

ஒரு வாடிக்கையாளரின் வேலையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தனியாக முடித்துக் கொடுத்தால் பெயர் ஏறும். அதுதான் டீச்சர் வைத்திருக்கும் ஒரே சட்டம்.

நயினாருக்கு அந்த மூன்றாவது வரி வேண்டும். ராத்தூக்கம் கெடும் அளவுக்கு வேண்டும். அவர் மனைவி பிரம்மசக்தி அவசரப்பட்டுத் தன் அண்ணன் வீட்டில் சொல்லியும் விட்டார். அவர்கள் ஜங்ஷன் பக்கம் வரும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நயினாருக்குத் தனியாகக் கிடைத்த முதல் வாடிக்கையாளர், பாளையங்கோட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் இசக்கியப்பன். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஸ்டூடியோவில் ஈ ஓட்டும் மாதம். அதனால் ஆடி பிறந்ததும் நயினார் போய் அந்தக் கம்ப்யூட்டரின் பழைய ஓ.எஸ்.ஸை மாற்றிப் புதியதை ஏற்றினார். ஏற்றும்போது வாய் சும்மா இருக்கவில்லை. இனிமேல் பறக்கும் பாருங்க என்று சொல்லிவிட்டார்.

பறக்கவில்லை. தவழ்ந்தது.

இப்போது ஆடி முடியப்போகிறது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் இசக்கியப்பனுக்கு மூன்று கல்யாணம். வரும் திங்கட்கிழமை காலைக்குள் சரியாகவில்லை என்றால் வேறு ஆளைக் கூப்பிட்டுப் பழையதையே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். “அண்ணாச்சி, நீங்க தங்கமான மனுசன். ஆனா கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் வராதீங்க” என்று மரியாதையாகவே சொன்னார். அந்த மரியாதைதான் நயினாருக்குப் பொறுக்க முடியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை.

“என்னெல்லாம் பாத்தீங்க?” என்றார் டீச்சர்.

நயினார் விரல் விட்டுச் சொன்னார். ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது. மெமரி போதும். சூடாகவில்லை. தூசி ஊதியாயிற்று. வைரஸ் கிடையாது.

“ம். வேற?”

“வேகமாக்கும்னு மூணு சாப்ட்வேர் போட்டேன்.”

“வேற?”

“மணிக்கு ஒரு தடவை அணைச்சு அணைச்சுப் போட்டேன்.”

“வேற?”

நயினார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைத் தணித்தார்.

“உள்ள ஒருத்தன் இருக்கான் டீச்சர், தானா ஓடுத ஒரு புரோகிராம். எந்நேரமும் டிஸ்க்கைப் போட்டு உருட்டிக்கிட்டே இருக்கான். எல்லாத்துக்கும் அவன்தான் காரணம். தினமும் போனவுடனே அவன் கழுத்தைப் பிடிச்சு இறக்கிவிடுதேன். பத்து நிமிசத்துல திரும்ப ஏறிக்கிடுதான்.”

“ஏறி என்ன செய்யுதான்?”

“என்னமோ பட்டியல் எழுதுதான். ஒரு வீடியோவுல சொன்னாங்கன்னு, அவன் எழுதின வரைக்கும் அழிச்சிட்டு முதல்லேருந்து எழுதுன்னு விட்டேன்.”

“எத்தனை தடவை அழிச்சீங்க?”

“தினமும்.”

டீச்சர் ஒரு ஸ்க்ரூவை எடுத்துக் காந்தத் தட்டில் வைத்தார்.

“சாயங்காலம் வரைக்கும் விட்டுப் பாத்தீங்களா?”

சாயங்காலம் வரைக்கும் போவதே இல்லை என்றார் நயினார். வேலை இல்லாத மாதம், மத்தியானமே பூட்டிவிடுகிறார்கள். பக்கத்துக் கடையில் ஒருமுறை கரண்ட் கோளாறில் தீப்பிடித்ததிலிருந்து இசக்கியப்பன் பூட்டும்போது மெயின் ஸ்விட்சையே அணைத்துவிடுவார். அணைத்துவிட்டு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

டீச்சர் எழுந்தார்.

“செருப்பைப் போடுங்க அண்ணாச்சி. பஸ்ல போவோம்.”

கீழே ஸ்கூட்டர் நிற்கிறதே என்றார் நயினார். டீச்சர் அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார்.

பாளையங்கோட்டை போகும் தனியார் டவுன் பஸ். பதினொரு மணிக் கூட்டம். டீச்சருக்குப் பெண்கள் பக்கம் முன்சீட்டில் இடம் கிடைத்தது. நயினார் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் பின்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டு வரிசை முடித்திருப்பார்.

“கண்டக்டர்” என்று கையைத் தூக்கினார் டீச்சர்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். இந்த பஸ் முருகன்குறிச்சியில் நிற்குமா என்று டீச்சர் கேட்டார். நிற்கும் என்றார். சரி என்றார் டீச்சர்.

கண்டக்டர் பின்னால் போனார். எங்கே விட்டோம் என்று தேடிப்பிடித்து ஒரு டிக்கெட் போட்டார்.

“கண்டக்டர்.”

மறுபடி வந்தார். எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டார் டீச்சர்.

மூன்றாவது முறை, பாளையங்கோட்டைக்கு இரண்டு டிக்கெட் என்றார். கண்டக்டர் கிழிக்கப் போகும்போது, இருங்க, சில்லறை இருக்கான்னு பாத்துட்டுக் கூப்பிடுதேன் என்றார்.

நயினாருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. நல்ல வேளை, சீருடையில் இல்லை. அந்தப் பெண் யாரோ, நான் யாரோ என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னால் இருந்தவர்கள் டிக்கெட் வரவில்லை என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். வழியில் ஏறியவர்கள் வேறு சேர்ந்துகொண்டார்கள். கண்டக்டருக்கு யார் வாங்கினார், யார் வாங்கவில்லை என்பதே குழம்பிவிட்டது. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் விசில் ஊதிவிட்டார். டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார். பாலம் தாண்டினால் அடுத்த ஸ்டேஜ், கட்டணம் மாறும் இடம். டிக்கெட் முடிக்காமல் தாண்டக் கூடாது.

பஸ் நின்றது. அறுபது பேர் முணுமுணுத்தார்கள்.

டீச்சர் எழுந்து நின்றார்.

“கண்டக்டர், ஏன் வண்டி நிக்கி? கொஞ்சம் வாங்களேன்.”

நயினாருக்குப் பொறுமை போய்விட்டது. இருபத்தெட்டு வருடக் குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

“ஏம்மா, உக்காருங்க. கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அந்த மனுசன் எப்ப டிக்கெட் போட்டு முடிப்பாரு? முடிச்சிட்டு அவரே வருவாரு.”

பஸ் அடங்கிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைத் திறக்காமலே சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து நீட்டினார்.

“சரி அண்ணாச்சி” என்று டீச்சர் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் கிடையாது. பழைய பாட்டு ஒன்றைக் கேட்டவர் போல இருந்தார்.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கண்டக்டர் முடித்துவிட்டு அவராகவே முன்னால் வந்து இரண்டு பாளையங்கோட்டை கொடுத்தார். விசில் ஊதினார். பஸ் பாலத்தில் ஏறியது.

தாமிரபரணி நிறையத் தண்ணீர் ஓடியது. நயினார் அதைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றார். பாலத்தின் நடுவில் ஏதோ நெஞ்சில் தட்டியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சரின் சீட் அருகே வந்து குனிந்தார்.

“டீச்சர், ஓ.எஸ். மாத்தினா அது இருக்கிற போட்டோவையெல்லாம் புதுசா பாத்துப் பட்டியல் எடுக்குமோ?”

டீச்சர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இசக்கியப்பன் கம்ப்யூட்டர்ல எத்தனை போட்டோ இருக்கும்?”

“பத்து வருசக் கல்யாணம். மூணு லட்சத்துக்குக் குறையாது.”

“அத்தனை பேருக்கும் டிக்கெட் போடணும்லா.”

நயினார் நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“அப்ப நான் தினமும் கழுத்தைப் பிடிச்சு இறக்கிவிட்டது…”

டீச்சர் கையிலிருந்த இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாகப் பிரித்தார்.

“…கண்டக்டரையா?”

வண்ணாரப்பேட்டை வந்தது. டீச்சர் எழுந்து, ஒரு டிக்கெட்டை அவர் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பாளையங்கோட்டைக்கு எடுத்த டிக்கெட்டில் ஏன் வண்ணாரப்பேட்டையில் இறங்கினார் என்று கேட்கும் நிலையில் நயினார் இல்லை.

ஸ்டூடியோவுக்குப் போனதும் அவர் செய்தது ஒரே ஒரு காரியம். வேகமாக்கும் சாப்ட்வேர் மூன்றையும் நீக்கினார். ஃபுட்போர்டில் தொங்கியவர்களை இறக்கிவிட்டதாக இசக்கியப்பனிடம் சொன்னார். பிறகு மவுஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

மெயின் ஸ்விட்சுக்காக ஒரு சண்டை நடந்தது. கம்ப்யூட்டருக்கு மட்டும் கரண்ட் இருக்கட்டும், மற்றதெல்லாம் அணைத்துக்கொள்ளுங்கள் என்று நயினார் கெஞ்சினார். அப்படியானால் நீங்களே காவல் இருங்கள் என்றார் இசக்கியப்பன். நயினார் வீட்டுக்கு போன் போட்டுப் பாயும் தலையணையும் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்த பிரம்மசக்தி, கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் பாய் எதற்கு என்று கேட்டார். நயினார் பாயை வாங்கி விரித்தார்.

சனிக்கிழமைதான் கஷ்டமான நாள். அந்த மனிதர் வாழ்நாளில் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததில்லை. டிக்கெட் கிழித்த விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. இரண்டு முறை கை தானாகப் பைக்குள் போய் மவுஸை எடுத்தது. மூன்றாவது முறை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

இசக்கியப்பன் அரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, ஒரே ஒரு போட்டோ திறந்து பாத்திருவோமா?”

“உக்காருங்க. முடிச்சிட்டு அதுவே வரும்.”

பயம் இல்லாமல் இல்லை. டீச்சர் வாயைத் திறந்து இதைத்தான் செய் என்று சொல்லவே இல்லையே, ஒரு பஸ் பயணத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறோமே என்று அடிக்கடி தோன்றியது. மூன்றாவது வரி கண் முன்னால் வந்து வந்து போனது. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தம் குறைந்தது. அதுவரை இரைந்துகொண்டே இருந்தது.

“நின்னு போச்சோ?” என்று ஓடிவந்தார் இசக்கியப்பன்.

“உக்காருங்க” என்றார் நயினார்.

திங்கட்கிழமை காலை அவர் மவுஸை மாட்டி இசக்கியப்பனிடம் கொடுத்தார். தானே திறந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

இசக்கியப்பன் ஒரு கல்யாண போட்டோவை அமுக்கினார். விரலை எடுக்குமுன் படம் வந்து நின்றது. இன்னொன்றை அமுக்கினார். எட்டு வருடத்துக்கு முந்தைய மாப்பிள்ளை ஒருவர், தாலி கட்டும் நேரத்தில் தும்முகிறார். இசக்கியப்பன் சிரித்துவிட்டார். அடுத்த கால் மணி நேரம் வேலையை விட்டுவிட்டுப் பழைய கல்யாணங்களையே திறந்துகொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி கோளாறு?”

“ஆள் கோளாறு. சரி பண்ணியாச்சு.”

நயினார் பாயைச் சுருட்டிக்கொண்டு ஜங்ஷனுக்கு வந்தார். முட்டி வலியை மறந்து மாடிப்படி ஏறினார்.

டீச்சர் இன்னொரு லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்.

“சரியாயிட்டு டீச்சர்.”

“என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணுமே செய்யல.”

“எவ்வளவு நேரம்?”

“மூணு நாள்.”

டீச்சர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, வேலை நேரத்தில் தலையை நிமிர்த்தி அவரை முழுதாகப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்துகொண்டார்.

நயினார் சுருட்டிய பாயோடு நின்றார். ஒரு நிமிடம் பொறுத்தார். இரண்டு நிமிடம் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை.

“டீச்சர், போர்டுல பேரு எப்ப…”

“உக்காருங்க அண்ணாச்சி. அதுவே வரும்.”

நயினார் பாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே ஏதோ சுவரில் உரசியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஏணி நுனி தெரிந்தது. அதன்பின் ஒரு தலை, காதில் பிரஷ் செருகிய தலை.

“வண்ணாரப்பேட்டை பெயிண்டர். மூணாவது வரி இதானே?”

“யாரு சொன்னா?” என்றார் நயினார்.

“டீச்சர்தான். வெள்ளிக்கிழமையே கடைக்கு வந்து சொல்லிட்டாங்களே, பஸ்ஸை விட்டு இறங்கின கையோட.”