பிள்ளையார் சுழியா, ரெண்டா?

ஒரு ஊர்ல, காரைக்குடிப் பக்கம், உமையாள்னு ஒரு ஆச்சி இருந்தா. பழைய பாட்டுப் புத்தகம், அதுவும் படம் போட்டது, எங்கே இருந்தாலும் தேடிப் போய் வாங்கிட்டு வந்துருவா. அதுல அவ உசுரே ஒண்ணுமேலதான்: 'தவளை விடு தூது'. ஒரு பொண்ணு ராசாவுக்குத் தவளையைத் தூது அனுப்புற பாட்டு. தாளுக்கு ஒரு பக்கம் படம், மறுபக்கம் பாட்டு. "முழுசா இருக்கறது என்கிட்ட மட்டுந்தான்"னு தலை நிமிர்ந்து சொல்லுவா. என்ன, ம் கொட்டலை?

ம்.

அப்போ ஒரு நாள் அவ சம்பந்தி சாத்தப்பன் வந்தாரு. எதுலயும் நொட்டை சொல்ற மனுஷன். புத்தகத்தைத் திறந்தாரு, சிரிச்சாரு.

"என்ன ஆச்சி, மொதப் படத்துலயே தவளை அந்தரத்துல பறக்குது? எங்கேருந்து தாவுச்சு?"

"மேல பாருங்க, 'உ' போட்டிருக்கு. பிள்ளையார் சுழி. அங்கதான் ஆரம்பம்."

அவரு அடுத்த தாளைப் புரட்டினாரு. சரக். அதுமேல ௩னு இருந்துச்சு. அந்தக் காலத்து மூணு. அப்போ முன்னாடி இருந்தது சுழி இல்ல, ௨. ரெண்டு! பாக்க அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும். பாவம், இத்தனை வருஷமா ஆச்சி ரெண்டாம் நம்பரைத் தொட்டுக் கும்பிட்டிருக்கா.

அப்புறம் அவளுக்குச் சோறு எறங்கலை. மொதத் தாளைத் தேடிக் கிளம்பினா. பழைய பேப்பர் கடைக்குப் போனா. அச்சு அச்சுனு தும்மல் வந்துச்சே தவிர தாள் வரலை. அப்புறம் பழம்பொருள் கடைக்குப் போனா. அந்த மாதிரிப் படத்தை எல்லாம் கிழிச்சுக் கண்ணாடி போட்டு எப்பவோ வித்தாச்சுன்னு கடைக்காரர் கையை விரிச்சாரு. சரி, தோத்துட்டேன்னு சொல்லிட்டு வருவோம்னு மூணாவதா சம்பந்தி வீட்டுக்கே போனா. ம்?

ம்ம்.

அங்கே சாத்தப்பன் பொண்டாட்டி தெய்வானை, சாமி வீட்டுக்கு, அதான் பூசை அறைக்கு, கூட்டிட்டுப் போய்க் குங்குமம் குடுத்தா. செவுத்துல ஒரு படம். மழை அம்மனாம், மாமியார் காலத்துலேருந்து கும்பிடுறாங்களாம். ஒரே சந்தனம், குங்குமம், பெரிய மாலை. உமையாள் குனிஞ்சா. மாலை லேசா நழுவுச்சு. சர்ர்ர். அம்மன் உள்ளங்கையில ஒரு தவளை, குந்திக்கிட்டு, தாவுறதுக்குத் தயாரா. மூலையில ஒரு ௧, அந்தக் காலத்து ஒண்ணு.

சாத்தப்பன் பாத்தாரு. மொகத்துல ஈ ஆடலை. "கழட்டித் தரட்டுமா ஆச்சி?"னு மெதுவாக் கேட்டாரு.

தெய்வானை கண்ணு கலங்கிருச்சு. உமையாள் அதைப் பாத்தா.

"சாமியைக் கழட்டுவாங்களா? இருக்கட்டும்."

அப்புறம் வருஷா வருஷம், பொங்கலுக்கு ஒட்டடை அடிக்க அந்தப் படத்தை எறக்குறப்போ உமையாள் புத்தகத்தோட வந்துருவா. பின்பக்கம் திருப்பி, அட்டையை எடுத்துட்டு, மொதப் பாட்டை அவ படிப்பா, சாத்தப்பன் கை கட்டிக் கேப்பாரு. யாராவது கேட்டா இப்பவும் தலை நிமிர்ந்துதான் சொல்லுவா:

"என் புத்தகம் முழுசு. மொதத் தாள் மட்டும் சம்பந்தி வீட்டுச் செவுத்துல இருக்கு."

தவளை கரை சேந்துச்சு, கதையும் கரை சேந்துச்சு. ம் சத்தத்தையே காணோமே. சரி, தூங்கு.