எல்லைக் கல்லுக்கு ஒரு தேங்காய்

நெடுஞ்சாலையோரம் களை வெட்டும் பூவாத்தாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பின்னாளில் ரோட்டை அகலப்படுத்த அரசு ஒதுக்கி வைத்திருந்த இடத்தில், ஒன்றியத் தலைவர் பொங்கியண்ணனுக்குக் கல்யாண மண்டபம் கட்ட ஆசை. குறுக்கே நின்றது ஒரு எல்லைக் கல்.

"நாளைக் காலையில இந்தக் கல்லு இங்கே இருந்தா, உனக்கு வேலை இருக்காது" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கார் ஏறினார்.

பிடுங்கினால் நெடுஞ்சாலைத் துறை இன்ஜினியர் சும்மா விடமாட்டார். பிடுங்காவிட்டால் இவர் விடமாட்டார். மறுநாள் ஆயுத பூஜை என்பது அப்போதுதான் பூவாத்தாளுக்கு ஞாபகம் வந்தது.

காலையில் தலைவர் வந்தபோது கல் அங்கேயேதான் இருந்தது. மண்வெட்டி, கடப்பாரையோடு சேர்த்து அதற்கும் சந்தனம், குங்குமம், மாலை. ரோட்டு வேலைக்காரர்கள் வருஷா வருஷம் செய்வதுதான். பொரி வாங்க ஊர்சனம் கூடியிருந்தது, நடுவில் இன்ஜினியர்.

"என்ன புள்ள இது?" என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

பூவாத்தாள் ஒரு கையில் கடப்பாரையையும் மறுகையில் தேங்காயையும் நீட்டினாள்.

"கல்லை எடுக்கச் சொன்னீங்களே தலைவரே! சாமி கும்பிட்ட கல்லு, எனக்குப் பயமா இருக்குதுங்க. முதல் குத்து நீங்களே போடுங்க. இல்லைனா தேங்காயை உடைங்க."

இன்ஜினியர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"எடுக்கவா? நானா சொன்னேன்?" என்று அசடு வழிந்த பொங்கியண்ணன், தேங்காயை வாங்கிக் கல்லின் முன்னால் உடைத்தார். இன்ஜினியர் அதை போனில் படம் பிடித்துக்கொண்டார்.

பூவாத்தாள் கடப்பாரையைக் கீழே வைத்தாள்.

"அடுத்த வருஷமும் இதே இடத்துல நீங்கதானுங்க உடைக்கணும், தலைவரே!"