ஒச்சப்பன் போட்ட கீறல்

இதை எனக்கு முதலில் சொன்னவர் அங்குசாமி அண்ணன். என் மூத்தவனுக்குக் குலசாமி கோயிலில் அவர் கையால் முதல் மொட்டை எடுத்த அன்று சொன்னார். பிள்ளை என் தம்பி மடியில் உட்கார்ந்திருந்தான். கொட்டுச் சத்தம் கேட்டுச் சட்டென்று தலையைத் திருப்பினான்; காதுக்கு மேலே கத்தி பட்டுவிட்டது. எனக்கு உயிரே இல்லை. அங்குசாமி அண்ணன் படிகாரக் கல்லை நனைத்து அந்த இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். ரத்தம் நிற்கும்வரை விரலை எடுக்கவில்லை. என் அழுகையை நிறுத்தத்தானோ என்னவோ, பிடித்த பிடியிலேயே சொல்ல ஆரம்பித்தார்.

வைகைக் கரையில் ஒரு மடம் இருந்ததாம். மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கூரைக் கொட்டகை, ஒரு வேல், ஒரு வேப்பமரம். அங்கே பிச்சாண்டி சாமி என்று ஒரு குரு.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தார் சடையாண்டி. ஐம்பது வயதைத் தாண்டியவர். சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் அவர்தான் சவரம். சடையாண்டி என்று பேரை வைத்துக்கொண்டு ஊரையே மொட்டை அடிக்கிறாயே என்று கேலி பேசாத ஆள் கிடையாது. கேலி பேசியவனும் அவர் கத்திக்கு முன்னால் உட்கார்ந்தால் தூங்கிப்போவான். அப்படிக் கை. அந்தக் கையால் ஒருவருக்கும் ரத்தம் வந்ததில்லை. மனைவி காலமாகி, மகளையும் ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தபின், கத்திப்பையோடு மடத்துக்கு வந்துவிட்டார்.

குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். அது அவருக்கு உறுத்தவில்லை. உறுத்தியது குருவின் தலை.

தலை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. கோடை காய்ந்து வெடித்துக் கிடக்கிற கண்மாய் மாதிரி.

"எந்தப் பாவி செய்த வேலை சாமி இது?"

குரு சிரித்தார். அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எல்லாருக்கும் மொட்டை. தன் தலையைத் தானே மழித்துக்கொள்ளக் கூடாது; ஒருவர் முன்னால் ஒருவர் குனிந்து உட்கார வேண்டும். புதிதாக வந்தவன் கத்தி பிடித்துப் பழகுவது குருவின் தலையில்.

குரு ஒவ்வொரு தழும்பாகத் தொட்டுக் காட்டினார். பேரப்பிள்ளைகளைக் காட்டுகிற முகம் அவருக்கு.

"இது வெள்ளையன். இப்போ ராமேசுவரம் போற சனத்துக்குச் சத்திரத்துல சோறு போடுறான். இது காத்தான், கத்தியைத் தலைகீழாப் பிடிச்ச ஆள். இது நல்லமுத்து. இன்னிக்கு அவன்கிட்ட இருக்கிற பொறுமை என்கிட்ட இல்லை."

"உச்சியில இருக்கிற பெரிசு?"

"அது யாரும் போட்டதில்லை பெரியவரே. நடுவுல நான் தும்மிட்டேன்."

சடையாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. இனிமேல் உங்கள் தலை என் பொறுப்பு, வேறு ஒருவன் கையும் படக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். குரு சரி என்றார்.

அன்று முதல் குருவின் தலையில் புதிதாக ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் சடையாண்டி முன்னாலேயே வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். மடத்தில் வேறு யாரும் கத்தியைத் தொடுவதே நின்றுபோயிற்று. எல்லாருக்கும் முடித்துவிட்டு, அவர் மட்டும் தன் தலையைத் தானே மழித்துக்கொள்ள ஆற்றுப் படித்துறைக்குப் போவார். கண்ணாடி கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, விரல் முன்னால் தடவிப் போக, கத்தி பின்னால் வரும். குளிக்க வந்த சனம் நின்று பார்க்கும். வழக்கம் அப்படி இல்லையே என்று காத்தான் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான்.

"என் தலைக்கு என் கைதான்" என்று முடித்துவிட்டார்.

ஒரே ஒரு குறை அவரை அரித்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் குரு கையால் காவி வாங்கிவிட்டார்கள். அவர் இடுப்பில் இன்னும் வெள்ளை வேட்டி. வீட்டை விட்டு வந்ததே அந்தக் காவிக்குத்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் விடியலில் போய் நின்றார்.

"எனக்கு ஏன் இன்னும் காவி தரலை சாமி? என்கிட்ட என்ன குறை?"

"பௌர்ணமி வரட்டும்" என்றார் குரு.

பௌர்ணமி வந்தது. சடையாண்டி கத்தியைத் தீட்டி, வெந்நீரில் அலசி, கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருந்தார். குரு வந்தார். வந்தவர் கத்தியை வாங்கி, அப்போதுதான் மடத்துக்கு வந்திருந்த ஒச்சப்பன் கையில் கொடுத்துவிட்டு, அவன் முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

ஒச்சப்பன் கிணறு வெட்டுகிற ஆள். பாறையில் கடப்பாரை போட்டுப் போட்டுக் காய்த்த கை. அந்தக் கையில் சவரக்கத்தி, யானைத் துதிக்கையில் ஊசி கொடுத்தது போல இருந்தது.

"சாமி, இவன் கை கடப்பாரைக் கை."

"தெரியும்."

ஒச்சப்பனுக்கு வேர்த்தது. முருகா முருகா என்று முனகிக்கொண்டே ஒரு இழுப்பு இழுத்தான். பிடரியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. சடையாண்டிக்குத் தன் தொண்டையில் விழுந்தது போல இருந்தது. பாய்ந்து கத்தியைப் பிடுங்கிவிட்டார்.

"அவன்கிட்ட கொடுங்க பெரியவரே" என்றார் குரு, குனிந்தபடியே.

"என் கண்ணு முன்னாடி உங்க ரத்தத்தைப் பார்க்க முடியாது சாமி."

"அப்ப உங்க தலையைக் கொடுங்க."

வேப்பம்பழம் உதிர்கிற சத்தம் கேட்டது.

சடையாண்டி கையில் இருந்த கத்தியைப் பார்த்தார். அவருடைய அப்பா கத்தி. தொழில் பழகின நாள் முதலாக வேறு ஒருவர் கை அவர் தலையில் பட்டதில்லை. ஊரே வேடிக்கை பார்த்த தலை. அதில் ஒரு கீறல் விழுந்தால், சடையாண்டி என்ற பேரில் விழுந்த மாதிரி.

குருவின் பிடரியில் ரத்தம் ஒரு துளியாகத் திரண்டு நின்றது.

கத்தியை ஒச்சப்பனிடம் நீட்டிவிட்டு, குருவுக்கும் அவனுக்கும் நடுவில் போய்க் குனிந்து உட்கார்ந்தார்.

கத்தி செங்குத்தாக வந்து நிற்பது தலைக்குத் தெரிந்தது. கத்தியைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி வாயெடுத்தார்.

"இப்ப நீங்க தலை" என்றார் குரு. "தலைக்குப் பேச்சு எதுக்கு?"

வாயை மூடிக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் எத்தனையோ பிடரிகள் வந்தன. தகப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போகிறவன், மாப்பிள்ளை, பண்ணையார், பால்குடிப் பிள்ளை. எல்லாரும் இப்படித்தானே கழுத்தை நீட்டி உட்கார்ந்தார்கள். தன் கையின் திறமையில் தூங்கினார்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். நம்பித் தூங்கியிருக்கிறார்கள்.

சுருக்கென்றது. நெற்றிக்கு மேலே, நல்ல நீளக் கீறல். ரத்தம் புருவத்தில் இறங்கியது. ஒச்சப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தேம்பினான்.

"அண்ணே, என்னால ஆகாதுண்ணே."

சடையாண்டி தன் கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டார். இன்னொரு கையால் கத்தியைத் தேடி எடுத்து, திரும்பிப் பார்க்காமலே, பின்னால் நீட்டினார்.

"இன்னும் பாதித் தலை இருக்குடா."

மறுபாதியில் கத்தி மெல்ல வந்தது. தயங்கி வந்தது. அப்புறம் தயங்காமல் வந்தது. காதோரம், அனுபவம் உள்ளவனுக்கே சறுக்குகிற இடம், அங்கே ஒச்சப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டதும், கத்தி வளைந்து திரும்பியதும், சுத்தமாகப் போனதும் சடையாண்டிக்குத் தெரிந்தது. தன் கைக்குத் தெரிந்திருந்ததெல்லாம் இப்போது தலைக்கும் தெரிந்தது. முடிந்ததும் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். அந்தப் பாதியில் ஒரு முள் நிற்கவில்லை. ஒரு கீறல் இல்லை.

"பார்த்தீங்களா சாமி, பார்த்தீங்களா, என் தலையில படிச்ச கை" என்றார். மகளுக்குப் பிள்ளை பிறந்தது என்று சொல்ல வந்தவர் போல இருந்தது அவர் குரல்.

குரு எழுந்து வந்தார். தன் தோளில் கிடந்த காவித் துண்டை எடுத்து, சடையாண்டியின் நெற்றியில் வழிந்த ரத்தத்தை ஒற்றி எடுத்தார். ஒற்றிய துண்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. சடையாண்டியின் தோளிலேயே போட்டுவிட்டார்.

சடையாண்டி அந்தத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பாதிச் சிரிப்பாகக் கேட்டார்.

"இது ஆழம் சாமி. தழும்பு நிக்கும். ஊர்க்காரன் பார்த்தா, சவரக்காரன் தலையிலேயே கீறலா, யார் போட்டதுன்னு கேப்பான். நான் என்ன சொல்ல?"

"பேரைச் சொல்லுங்க" என்றார் குரு.

அங்குசாமி அண்ணன் இதோடு நிறுத்திவிட்டு விரலை எடுத்தார். ரத்தம் நின்றிருந்தது. பிள்ளை தூங்கியிருந்தான். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள். முடியை ஒட்ட வெட்டினால் அந்தத் தழும்பு வெளியே தெரிகிறது. யாராவது கேட்டால், அது எங்க அங்குசாமி மாமா போட்டது என்று தலையை நிமிர்த்திச் சொல்கிறான். ஆண்டவன் அவனை நன்றாக வைத்திருக்கட்டும்.

நீங்களும் பிள்ளைக்கு மொட்டை எடுக்கப் போனால், கத்தி பிடிக்கிறவர் பேரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.